செம்பூர்ப் புளியமரத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

என் ஊர் புளியங்குடி. புளி பெயரில்தான் இருக்கிறது. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் எலுமிச்சைத் தோட்டம். அந்தக் குறை தீரட்டும் என்று பதினோரு வருடமாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்துப் புளியங்கன்றுகளை ஒட்டுக்கட்டி விற்றுவருகிறேன். விதை போட்டு வளர்த்த புளி காய்க்கப் பத்து வருடம் ஆகும். காய்த்தாலும் தாய்மரம் மாதிரி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நல்ல மரத்தின் குச்சியை நாற்றின் தலையில் செருகிக் கட்டினால் நாலைந்து வருடத்தில் அதே பழம், அதே ருசி. அதனால் எங்காவது நல்ல புளியமரம் நிற்கிறது என்று காதில் விழுந்தால் எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும்.

இந்தத் தடவை அரிப்பு மும்பை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

என் வீட்டுக்காரரின் தங்கை இசக்கியம்மாள் தாராவியில் இருக்கிறாள். செம்பூரில் ஒரே கட்டடத்தில் நாலு வீட்டில் சமையல் வேலை. மாசி மாதக் கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தவள் பையிலிருந்து நாலு புளியம்பழத்தை எடுத்துப் போட்டாள். ஓட்டை உடைத்தேன். உள்ளே பீட்ரூட்டை நறுக்கி வைத்த மாதிரி சிவப்பு.

"பில்டிங் மரம் மதினி. அந்தப் புளியில ரசம் வச்சா ரோஸ் கலர்ல இருக்கும். மொதல் நாள் பயந்துபோயிக் கீழ ஊத்திட்டேன்" என்றாள்.

சிவப்புப் புளி என்று ஒன்று உண்டு என்று கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. மூன்றாவது வாரம் ரயிலில் இருந்தேன். "ஒரு குச்சி ஒடிக்க பம்பாய்க்குப் போறவள இப்பத்தான் பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் கட்டுச்சோற்றைத் தூக்கிக் கொடுத்தார். அதுவும் புளியோதரைதான்.

ஞாயிற்றுக்கிழமை தாதரில் இறங்கினேன். எங்கள் ஊர்த் தேரோட்டத்துக்கு வருகிற கூட்டம் அந்த ஒரு நடைமேடையில் நின்றது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே தேர் நாலு நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, யாரும் கும்பிடுவதில்லை. அழைத்துப்போக வந்திருந்த இசக்கி என் பையைப் பிடுங்கி என் முன்பக்கம் மாட்டிவிட்டாள். "யாரு தள்ளினாலும் நில்லாதிய மதினி. அவங்களே ஏத்திவிட்டுருவாங்க." சொன்ன மாதிரியே யாரோ ஏற்றி, யாரோ இறக்கிவிட்டார்கள். என் கால் தரையில் பட்ட ஞாபகமே இல்லை.

தாராவியில் அவர்கள் வீடு ஓர் அறை. கீழே இசக்கியின் புருஷன் முருகேசன் அண்ணாச்சியின் பட்டறை, மேலே போக இரும்பு ஏணி. பட்டறையில் பித்தளை விளக்கும் மணியும் வந்து குவிகின்றன. அழுக்கேறியவற்றைப் புளித்தண்ணீர் டிரம்மில் ஊறப்போட்டு, தேய்த்து, மெஷினில் கொடுத்துப் பளபளப்பாக்கி அனுப்புகிறார். நாங்கள் ஒரு வருடம் குழம்பு வைக்கிற புளியை அவர் ஒரு வாரத்தில் கரைத்துவிடுகிறார். எனக்கு வயிறு எரிந்தது.

"தங்கச்சி, இந்த ஊர்ல புளியத் திங்கவன விடத் தேய்க்கவந்தான் ஜாஸ்தி" என்றார் சிரித்துக்கொண்டே. டிரம்முக்குள் கைவிட்டுப் பார்த்தேன். பழம்புளி, கொட்டையோடு. பரவாயில்லை, நல்ல புளியை வீணாக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை இசக்கியோடு செம்பூர் போனேன். மரம் நாலு மாடிக் கட்டடத்தின் முகப்பில் நின்றது. அடிமரத்தை நானும் இசக்கியும் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதைச் சுற்றி கார்கள். கார்களின் மேல் புளியம்பூ, புளியம்பழம், காக்கை எச்சம். ஒரு வெள்ளைக் காருக்கு மட்டும் முழுதாகப் போர்வை போர்த்தியிருந்தது.

"அது பாட்டீல் சாப் வண்டி" என்றாள் இசக்கி. "மரத்த வெட்டணும்னு ரெண்டு வருசமா நிக்காரு. பில்டிங் செக்ரட்டரி முடியாதுங்காரு. நடுவுல நாம வாயத் தொறக்கப்பிடாது, சரியா?"

நான் நேராகச் செக்ரட்டரி வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தேன். அவர் பெயர் கிருஷ்ணன், பாலக்காட்டுக்காரர், ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். வந்த விஷயத்தைச் சொன்னேன். பன்னிரண்டு குச்சி, பென்சில் கனம், ஒரு சாண் நீளம். மரத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது.

"அம்மா, இங்க ஒரு கிளைய வெட்டணும்னாலும் மாநகராட்சி பெர்மிஷன் வேணும். பாட்டீல் கிட்ட ரெண்டு வருஷமா அதச் சொல்லித்தான் தடுத்துண்டிருக்கேன். உங்களுக்கு மட்டும் விட்டா அவர் என்னைச் சும்மா விடுவாரா?"

"கிளை இல்ல சார், குச்சி."

"குச்சியும் கிளைதான்."

நியாயமான மனிதர். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

இசக்கி சமைக்கிற வீடுகளில் ஒன்று இரண்டாம் மாடி லலிதா மாமியுடையது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே கம்பிக்கூண்டு. அதற்குள் கேட்காமலே ஒரு புளியங்கிளை நுழைந்து, மாமியின் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்றது. மாமி எனக்குக் காபி கொடுத்து, போனைப் பார்த்துப் பார்த்து ஒரு குண்டைப் போட்டார்.

"புளி நம்மூர் மரம் இல்லை, தெரியுமோ? ஆப்பிரிக்காலேர்ந்து வந்ததாம்."

"என்ன மாமி சொல்லுதிய?"

"அரபிக்காரா பேரென்னமோ இந்தியப் பேரீச்சைன்னு வெச்சுட்டா. பொறந்தது ஆப்பிரிக்கால. அங்கயும் நன்னாக் கரைச்சுக் குடிக்கறா."

பதினோரு வருடம் சோறு போட்ட மரம் வெளிநாட்டுக்காரன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காபி கசந்தது.

மாமி குளிக்கப் போனார். இசக்கி அடுக்களையில் குக்கரோடு இருந்தாள். நான் அந்தக் கிளையைப் பார்த்தேன், கிளை என்னைப் பார்த்தது. ஒட்டுக்கு எடுக்கிற குச்சியை வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே அதன் இலைகளை நறுக்கிவிட வேண்டும். அப்போதுதான் மொட்டுக்கண்கள் பருக்கும், ஒட்டு பிடிக்கும். செக்ரட்டரி கிளையைத்தான் தொடக்கூடாது என்றார். இலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தையல் மெஷின் மேல் கத்தரிக்கோல் இருந்தது. சன்னல் வழியாகக் கைவிட்டுப் பன்னிரண்டு குச்சிகளையும் மொட்டையடித்தேன். குக்கர் ஐந்தாவது விசில் அடிப்பதற்குள் வேலை முடிந்தது. இலைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டேன். குச்சியை எப்படி வாங்குவது என்று ஒரு வாரத்தில் யோசித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

இசக்கியிடம் பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னேன். அவள் என் கையில் கிள்ளிய இடம் மூன்று நாள் கன்றியிருந்தது. அன்று சாயங்காலம் சாப்பிடும்போது ஆப்பிரிக்கா விஷயத்தை முருகேசன் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சிரித்ததில் புரையேறிவிட்டது. "அப்ப அதுவும் நம்மளப் போலப் பொழைக்க வந்ததுதானா! ஏ இசக்கி, அதுக்கு ரேசன் கார்டு இருக்கான்னு கேளு."

அடுத்த மூன்று நாள் ஊர் சுற்றினேன். மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். வரிசையில் நின்று, உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்வரை அவர் இலையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் பக்கம் அப்படிப் பார்த்தால் அடி விழும். ரசம் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டபோது பரிமாறுகிறவர், "எந்தூர்?" என்றார். சொன்னேன். "ஓ, புளிக்காரங்களா" என்று ஒரு டம்ளரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எலுமிச்சை என்று திருத்த மனம் வரவில்லை.

தாதரில் பானிபூரிக்காரரிடம் அந்த இனிப்புச் சட்னியில் என்ன புளி என்று இசக்கியை விட்டுக் கேட்டேன். "அண்ணி, சாப்பிடுறவங்க யாரும் இதக் கேட்டதில்ல, நீங்க இன்ஸ்பெக்டரா?" என்று அவர் கேட்டாராம். ஒரு பூரி கூடுதலாகக் கொடுத்தார். கறிக்கடையில் வெட்டுகிற கட்டையும் புளியமரம்தான். எங்கே போனாலும் அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இசக்கி வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றாமலே ஏணியில் ஏறினாள்.

"மதினி, முடிச்சிட்டிய."

மாமி வீட்டுச் சன்னல் பக்கம் மட்டும் மரம் மொட்டையாக நிற்பதைப் பாட்டீல் கீழே இருந்து பார்த்திருக்கிறார். போட்டோ எடுத்துக் கட்டடத்துக்காரர்களின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். மரத்துக்கு நோய் வந்துவிட்டது, உள்ளே இற்றுப்போயிருக்கும், மழைக்காலத்தில் யார் தலையிலாவது விழும். இரண்டு வருடமாக அவர் பேச்சைக் கேட்காதவர்கள் எல்லாரும் பயந்துபோனார்கள். மரத்தை அடியோடு எடுக்க அனுமதி கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதியாகிவிட்டது. ஞாயிறு பதினோரு மணிக்கு மீட்டிங், கையெழுத்து.

எழுந்தேன். "நான் வந்து சொல்லிருதேன்."

"என்னன்னு சொல்லுவிய? யாரு வீட்டுக்குள்ள யாரு கூட்டிட்டுப் போனான்னு கேட்பாங்க. நாலு வீடு மதினி. பில்டிங்ல ஒருத்தி பேரு கெட்டா நாலும் போச்சு. நீங்க ரயிலேறிப் போயிருவிய." அவள் கத்தவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சொன்னாள். "வராதிய. அவ்வளவுதான்."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மரத்துக்கு எழுபது எண்பது வயதிருக்கும். அதன் பிள்ளைகளை ஊருக்குக் கொண்டுபோக வந்தவள், அதற்கே குழி தோண்டிவிட்டேன். ஒருபக்கம் மரம், ஒருபக்கம் இசக்கி. ஞாயிறு காலையில் அவள் வேலைக்குப் போனதும் நான் சேலையை மாற்றினேன். கூட்டிப்போனது இசக்கி இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது, நானாக நுழைந்தேன் என்று சொல்லிவிடுவதென்று தீர்மானம். பொய்தான். ஆனால் பாதிப் பொய்.

சயானில் ரயில் ஏறி அடுத்த நிறுத்தம் குர்லா, அங்கே இறங்கி வேறு வண்டி. இவ்வளவுதான் வழி. பெண்கள் பெட்டியில் ஏறினேன். குர்லா வந்தது. நான் வாசலுக்குப் போவதற்குள் குர்லா முழுவதும் உள்ளே ஏறிவிட்டது. "இறங்கணும், இறங்கணும்" என்று தமிழில் அலறினேன். ஒரு அம்மாள், பாவம், எனக்கு உட்கார இடம் கொடுத்தார். நிறுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பாண்டுப் வரும்போது எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்தவள், "எக்கா, நீங்க எங்க போவணும்?" என்றாள். செம்பூர் என்றதும் தலையில் கை வைத்தாள். அவளே என்னைத் தோளைப் பிடித்து இறக்கி, படியேற்றி, எதிர்ப்பக்க வண்டியில் தள்ளிவிட்டு, சன்னல் வழியாக, "குர்லாக்கு முன்னாடி ஸ்டேஷன்லயே எந்திரிச்சு நில்லுங்க!" என்று கத்தினாள். வித்யாவிஹாரிலேயே நான் வாசல் கம்பியைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

செம்பூர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றேமுக்கால். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், இருபது பேர். பாட்டீல் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். மனு ஒவ்வொரு மடியாகப் போய்க்கொண்டிருந்தது. லலிதா மாமி கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் டீத் தட்டோடு இசக்கி. என்னைப் பார்த்ததும் அவள் கண்ணில் தெரிந்ததை நான் எழுத மாட்டேன்.

நேராக நடுவில் போய் நின்றேன். எல்லாரும் திரும்பினார்கள். யோசித்து வைத்ததெல்லாம் பாண்டுப்பிலேயே விழுந்துவிட்டது.

"இந்த மரத்துக்கு ஒரு நோவும் கிடையாது. எலைய நறுக்குனது நாந்தான்" என்றேன்.

எங்களை விட்டால் தமிழ் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான், மாமியும் செக்ரட்டரியும். மற்றவர்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. இந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று பாட்டீல் கேட்டார்.

இசக்கி தட்டைக் கீழே வைத்தாள். முன்னால் வந்து இந்தியில் பேச ஆரம்பித்தாள். மடமடவென்று, கையை ஆட்டி, என்னைக் காட்டி, மரத்தைக் காட்டி. நடுவில் "டாக்டர்" என்று காதில் விழுந்தது. டாக்டர் யார் வந்திருக்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே வாட்ச்மேன்தான் நின்றார். மறுபடி முன்னால் திரும்பினால் இருபது பேரும் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

அவள் சொன்னது இதுதான் என்று பிறகு தெரிந்தது: இது எங்க மதினி, தமிழ்நாட்டில் பெரிய மர டாக்டர், புளிக்கு மட்டும்தான் பார்ப்பார். போன திங்கட்கிழமை வந்தபோதே இந்தக் கிளையில் கோளாறு என்று கண்டுபிடித்து, கெட்ட இலைகளை எடுத்து வைத்தியம் ஆரம்பித்துவிட்டார். மரம் பிழைத்துவிட்டது, பயப்பட வேண்டாம் என்கிறார்.

கிருஷ்ணன் சார் வாயைத் திறந்தார். நான் சொன்னதும் அவருக்குப் புரிந்தது, அவள் சொன்னதும் புரிந்தது. இரண்டுக்கும் நடுவில் அவர் முகம் சிவந்துகொண்டே போனது.

"கிருஷ்ணன்," என்றார் லலிதா மாமி தமிழில், ரொம்ப அமைதியாக. "டீ ஆறிண்டிருக்கு. குடிங்கோ."

அவர் மாமியைப் பார்த்தார். மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். டீயை எடுத்துக் குடித்தார்.

பாட்டீல் லேசுப்பட்டவர் இல்லை. இந்த மரமே வெளிநாட்டு மரம், எதற்கு வைத்தியம் என்று கேட்டார். அவரும் போனில் படித்திருக்கிறார். அதற்கு மாமி இந்தியில், "இந்த பில்டிங்கில் வெளியூர்லேர்ந்து வராதவா யாரு, கை தூக்குங்கோ" என்றாராம். பாட்டீல் மட்டும் கை தூக்கினார். கொஞ்சம் யோசித்து, அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அவர்களும் கொங்கணக் கரையிலிருந்து வந்தவர்கள்தானாம்.

பிறகு ஆதாரம் கேட்டார். எல்லாரும் மாடியேறி மாமியின் படுக்கையறைக்கு வந்தார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சன்னலுக்கு வந்தார்கள். நான் ஒரு குச்சியை நகத்தால் சுரண்டிக் காட்டினேன், உள்ளே பச்சை. ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் அரிசி முனை அளவுக்குக் கண் பருத்திருந்தது. பாட்டீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் தொட்டுப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் கார் இல்லை. "நிஜமாகவே வருகிறதே" என்றார். மனுவைப் பற்றி அதன்பிறகு பேச்சே எழவில்லை.

இப்போது இந்தக் குச்சிகளை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இசக்கியே பதில் சொன்னாள். இதை உடனே வெட்டி ஊரைவிட்டே வெளியே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் மறுபடி தொற்றும் என்றாள். எல்லாரும் சம்மதித்தார்கள். நான் ஏற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவர் பாட்டீல். பன்னிரண்டு குச்சியும் என் முந்தானையில் விழுந்தன. கிருஷ்ணன் சார் மட்டும் பக்கத்தில் வந்து முணுமுணுத்தார், "குச்சியும் கிளைதான்னு சொன்னேனே."

"நோய்க்குச்சி சார்" என்றேன். அவர் சிரிக்காமலிருக்கப் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

கிளம்பும்போது மாமி கத்தரிக்கோலை எடுத்துக் காட்டினார். "குளிச்சிண்டிருந்தாலும் காது கேக்கும், தெரியுமோ. அடுத்த தடவை கேட்டுட்டு எடுங்கோ." எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து ஆள் வந்தது. டாக்டர் வந்திருக்கிறாராமே, எங்கள் கறிவேப்பிலை வளரவே மாட்டேனென்கிறது. அன்று மட்டும் ஐந்து வீட்டுப் பால்கனியில் வைத்தியம் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே மருந்து சொன்னேன்: தண்ணீரைக் குறையுங்கள், புளித்த மோரை ஊற்றுங்கள்.

படியிறங்கும்போது இசக்கியிடம், "உனக்கு ஏன் இப்படிச் சொல்லத் தோணுச்சு?" என்றேன்.

"நீங்க பாட்டுக்கு உண்மையச் சொல்லிட்டு நிக்கிய. யாராவது ஒருத்தி வேலையக் காப்பாத்தணும்லா" என்றாள். அதன்பிறகு கிள்ளினாள். இந்தத் தடவை வலிக்கவில்லை, ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. பத்து வருடம் தன் காலில் இந்த ஊரில் நின்றவள். நான் ஒரு வாரம் வந்து ஒரு கத்தரிக்கோலால் அதை ஆட்டிவிட்டேன். "தப்புதான் இசக்கி" என்றேன். "சரி, விடுங்க, பஸ் வருது" என்றாள்.

குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி, வாழை மட்டைக்குள் வைத்து, ரயிலில் குழந்தை மாதிரி மடியில் கிடத்தி ஊர் கொண்டுவந்தேன். இறங்கிய அன்றே நாற்றுகளின் தலையைச் சீவி, ஆப்பு மாதிரி செதுக்கிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கி, ஈரம் போகாமல் குச்சி ஐஸ் கவரைத் தலைக்கு மாட்டினேன். ஏழு குச்சி கருகிப்போயிற்று. ஐந்து பிடித்தது. மூன்றாவது வாரம் கவருக்குள் இளஞ்சிவப்பாகத் துளிர் தெரிந்ததும் வீடியோவில் இசக்கியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள்.

"மதினி, ஒண்ணு எனக்கு வைங்க."

"எங்க வைப்ப? ஏணியிலயா?"

"எனக்கு வைக்க ஏது எடம்? சும்மா எம் பேர்ல இருக்கட்டும்."

ஐந்தில் திடமானதைத் தேர்ந்து, அட்டையில் இசக்கி என்று எழுதிக் கட்டினேன். சிவப்புப் புளி என்று கேள்விப்பட்டு இதுவரை மூன்று பேர் வந்து அந்தக் கன்றைத்தான் கேட்டார்கள். அது பம்பாய்க்காரங்க கன்று, கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.